நான் வைக்காத பிளேட்டுகள்

என்னை ஒருநாளும் காட்டிக்கொடுக்காத என் செலின் அக்காவுக்கு,

உன் ஆண்டு நினைவுப் பூசைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. உன் மகள் ஜெனி சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறாள். உன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். உன்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். உன்னைப் பற்றி யாரும் ஒரு வரிகூட மிகையாக எழுதவில்லை.

என்னை உன் காரைப் பற்றி எழுதச் சொன்னாள். "நீங்கதானே மாமா அதைக் காப்பாத்துனீங்க" என்றாள் முதலில். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும் என்கிறாள்.

பூசை முடிந்து பந்தலில் இலை போடும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எல்லாரும் இதைப் புரட்டிப் படிப்பார்கள். நானும் அங்கேதான் ஏதாவது ஒரு நாற்காலியில் இருப்பேன். எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்காரப் போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

உனக்குத் தெரிந்ததைத்தான் திரும்பச் சொல்கிறேன் அக்கா. படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

அந்த வெளிர்நீல ஹெரால்டு கார் மச்சான் கொண்டுவந்தது. திருச்சியில் ஒரு டாக்டர் வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. மச்சான் அதை இரண்டு வருடம்கூட முழுசாக ஓட்டவில்லை. அவர் போன பிறகு, பழைய வண்டி, பார்ட்ஸ் கிடைக்காது, தள்ளிவிடு என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். நீ யாருக்கும் பதில் சொல்லாமல் நாற்பது வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டாய். அதற்கப்புறம் இலுப்பூர் கடைத்தெருவில் அந்த ஹாரன் கேட்டால், டீச்சர் வருகிறார்கள் என்று சைக்கிளை ஓரம் கட்டினார்கள். போட்டி, பரீட்சை, ஸ்காலர்ஷிப் தேர்வு எதுவானாலும் பிள்ளைகளை அதில்தான் அழைத்துப் போவாய். பின்சீட்டில் நாலு பேர், சில நாள் ஐந்து பேர்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், கோடை விடுமுறையில், வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாய்.

"பின்கதவைத் தூக்கி அடிச்சாத்தான் சாத்துது அந்தோணி. என்னன்னு பாரு."

படுத்துப் பார்த்தேன். இன்றைக்கு ஓடுகிற கார்களில் உடம்பும் அடிச்சட்டமும் ஒரே கட்டாக இருக்கும். ஹெரால்டில் அப்படியில்லை. அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம், அதிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போலத் தாங்கிகள். அந்தக் கைகளின் மேல்தான் வண்டியின் உடம்பு உட்கார்ந்திருக்கும். சேஸிஸ் என்று சொல்கிற அந்தச் சட்டம் துருப்பிடித்துத் தொய்ந்தால், அது முதலில் கதவில்தான் தெரியும். உன் வண்டியில் பின்பக்கத்துக் கைகள் இரண்டும் தொய்ந்திருந்தன.

எழுந்து வந்து, பெரிய ஆள் மாதிரி துணியில் கை துடைத்துக்கொண்டே சொன்னேன். "துருவெல்லாம் வெட்டி எடுத்துட்டு, தடியான பிளேட்டு வெச்சுப் பத்தவெச்சுட்டா இன்னும் முப்பது வருஷம் ஓடும்க்கா."

எதிர்த்த டீக்கடையில் நாலைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ உன் கணக்கு டீச்சர் பார்வையோடு என்னைப் பார்த்தாய்.

"இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கியா?"

"ரெண்டு வண்டி செஞ்சிருக்கேன்க்கா. அதெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்ல."

ஒரு வண்டிகூடச் செய்ததில்லை. நான் டிங்கர். நசுங்கிய கதவை நிமிர்த்துவேன், பட்டி வைத்துத் தேய்ப்பேன், பெயின்ட் அடிப்பேன். தகட்டில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடுவேன். ஒரு வண்டியின் பாரம் மொத்தமும் நிற்கிற சட்டத்தில் நான் கைவைத்ததே இல்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீக்கடையில் நின்றவர்களுக்காகச் சொல்லவில்லையா, உனக்காகச் சொல்லவில்லையா என்று இப்போது யோசிக்கிறேன். குடும்பத்தில் படித்தவள் நீ, படிக்காதவன் நான். உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள அதுவரை எனக்கு ஒரு சந்தர்ப்பமும் கிடைத்ததில்லை.

மூன்றாம் நாள் இடது பக்கத்துக் கையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். சுத்தியல் உள்ளே போய்விட்டது. துரு உள்ளுக்குள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. வலது பக்கமும் அதே கதிதான். முறைப்படி செய்வதென்றால் போல்ட்டுகளைக் கழற்றி உடம்பைச் சட்டத்திலிருந்து தூக்க வேண்டும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டிப்போக வேண்டும். வெட்டும்போது சட்டம் கோணாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேனே தவிர, செய்யத் தெரியாது. வெட்டினால் வண்டி நடுவில் மடங்கி உட்கார்ந்துவிடும் என்று பயந்துபோனேன். அக்காவின் வண்டியை உடைத்துவிட்டான் என்று ஊர் சிரிக்கும் என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஜாக்கி கொடுத்து உடம்பைத் தூக்கி நிறுத்தினேன். ஒரு பழைய வேன் கதவின் மெல்லிய தகட்டை வெட்டி, துருவின் மேலேயே மூடி, நாலு மூலையில் பொட்டு வைத்தாற்போலப் பற்றவைத்தேன். இடைவெளியைப் பட்டி வைத்து அடைத்தேன். மேலே கெட்டியாகத் தார் பூசினேன். ஜாக்கியை இறக்கியதும் கதவு விரல் பட்டால் சாத்திக்கொண்டது. எனக்கே ஆச்சரியம்.

"ரெண்டு பக்கமும் ஆறு பிளேட்டு வெச்சிருக்கேன்க்கா" என்றேன்.

நீ கதவைத் திறந்து திறந்து சாத்தினாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அந்தப் பாராட்டு வேண்டியிருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாரிடமும் சொன்னாய். "எந் தம்பி பிளேட்டு வெச்ச வண்டி." இரண்டு பழைய ஜீப்காரர்கள் அதைக் கேட்டுக்கொண்டு என்னைத் தேடி வந்தார்கள். கையில் வேறு வேலை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினேன். பெரிய வேலைக்காரன், நேரமில்லை என்று நினைத்துக்கொண்டு போனார்கள். அதுவும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். குடித்ததைச் சொல்வேன், மனைவியிடம் கத்தியதைச் சொல்வேன். இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இது பாவம் என்று தோன்றாமல் இல்லை. சொன்னால் உடனே போய்ச் சரிசெய் என்று சாமியார் சொல்லிவிடுவாரே என்றுதான்.

மூன்று வருடம் போனது. திடீரென்று நீ பிள்ளைகளை வண்டியில் ஏற்றுவதை நிறுத்தினாய். முதுகு வலி, நிறையப் பேரை ஏற்றினால் ஓட்ட முடியவில்லை என்றாய். ஜெனி ஊரிலிருந்து வந்தால்கூட ஆட்டோ பிடித்து வரச் சொன்னாய். நீ மட்டும் தனியாக ஓட்டினாய். நான் உன்னைத் திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? "வரவர ஒனக்கு ஒன் வண்டி பெருசாப் போச்சு. புள்ளைங்க ஏறுனா சீட்டு அழுக்காயிரும்னு பாக்குற" என்றேன்.

அந்த வருடமே என் வீட்டுக்கு வந்தாய். டீ குடித்துவிட்டு, போகிற நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாய். "அந்தோணி, எடது பக்கம் மட்டும் ஒரு தடவ பாத்துடேன்ப்பா."

"அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மறுபடியும் கேட்டாய். அதே கேள்வி, அதே இடது பக்கம். எனக்குச் சுருக்கென்றது. "என் வேலை மேல நம்பிக்கை இல்லைன்னா வேற எங்கிட்டாவது கொண்டு போய்க் காட்டுக்கா" என்று எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். நீ என் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு, "சரிப்பா" என்றாய்.

ஏன் இடது பக்கம் என்று ஒருதடவையாவது நான் யோசித்திருக்க வேண்டாமா?

போன வருடம் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தாய். கடைசி வாரத்தில் ஒருநாள் நானும் நீயும் மட்டும் இருந்தோம். "வண்டியை யாரும் எடுக்க வேண்டாம்னு ஜெனிகிட்ட சொல்லிரு" என்றாய். பேசவே மூச்சு வாங்கியது. மச்சான் ஞாபகமாக அப்படியே இருக்கட்டும் என்று நினைக்கிறாய் போல என்று நான் எடுத்துக்கொண்டேன். தலையாட்டினேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. ஜெனியிடம் நீ சொன்னதையும் சரியாகச் சொல்லவில்லை. "அம்மா வண்டியைப் பத்திரமா வெச்சுக்கச் சொன்னாங்க" என்று மாற்றிச் சொன்னேன்.

இந்த வருடம் ஜெனி கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கியிருக்கிறாள். நினைவுப் பூசையன்று உன் வண்டியிலேயே தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் வைத்து ஆவூர்க் கோவிலுக்கு ஓட்டிப்போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பேட்டரி மாற்றினாள், டயர் மாற்றினாள். "கீழ மட்டும் சும்மா ஒரு பார்வை பாத்துடுங்க மாமா. நீங்க வெச்ச பிளேட்டு இருக்கு, பயமில்ல" என்றாள்.

உன் வீட்டுக் கொட்டகையில், காலை வெயில் நன்றாக விழும் நேரத்தில், ஜாக்கி கொடுத்துத் தூக்கிக் கீழே படுத்தேன். வலது பக்கம்தான் முதலில் பார்த்தேன். என் தகடு அங்கே இல்லை.

கனமான பிளேட்டுகள். முனைகளை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டியிருந்தார்கள், ஒரே கோட்டில் பாரம் விழுந்து விரிசல் விடாமல் இருக்க. பற்றவைப்பு அடுக்கி வைத்தாற்போல ஒரே சீராக ஓடியது. தண்ணீர் தேங்காமல் வடிய அடியில் துளைகூடப் போட்டிருந்தார்கள். அத்தனை வருடம் ஆகியும் ஓரிடத்தில்கூடத் துரு இல்லை.

இடது பக்கம் நகர்ந்தேன். அங்கே என் தார் அப்படியே இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். அது பாட்டுக்கு உள்ளே போனது.

அந்த நேரம் பார்த்து ஜெனி குனிந்து, போனில் லைட் அடித்து வலது பக்கம் பார்த்தாள். "ஐயோ மாமா, எவ்வளவு அழகா செஞ்சிருக்கீங்க!" என்று போட்டோ எடுத்தாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'அந்தோணி மாமா கைவண்ணம்' என்று எழுதினாள். டிங் டிங் என்று ஒவ்வொருத்தராகப் பாராட்டி அனுப்பினார்கள். சிங்கப்பூரிலிருந்து நம் சித்தி மகன் கைதட்டுகிற படம் அனுப்பினான்.

நான் மறுக்கவில்லை அக்கா. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சிரித்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் செய்தது பயத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தச் சிரிப்புக்கு என்ன சாக்குச் சொல்ல?

ஒரு பிளேட்டின் ஓரத்தில் பற்றவைப்பாலேயே சின்னதாக 'க' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை டிராக்டர் டிரெய்லர்களின் பின்னால் பார்த்திருக்கிறேன். கீரமங்கலத்தில் டிரெய்லர் கட்டுகிற கருப்பையாவின் அடையாளம் அது. மறுநாள் புதுக்கோட்டை போய், அங்கிருந்து ஆலங்குடி வழியாகப் பஸ் மாறிப் போனேன்.

கருப்பையா என்னைவிடப் பத்து வயது இளையவர். டிரெய்லருக்கு அடிச்சட்டம் அளந்துகொண்டிருந்தார். நீலக் கலர் பழைய கார், ஒரு டீச்சர் என்றதும் உடனே நிமிர்ந்தார்.

"மறக்க முடியுமாங்க? இந்தா, இந்த வேகத்தடையிலதான் நடந்துச்சு. ஆறு வருஷம் இருக்கும். இங்க ஹைஸ்கூல்ல கணக்குப் போட்டின்னு நாலு புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. வேகத்தடையில ஏறி எறங்குச்சு, வலது பக்கப் பின்கதவு தானாத் தெறந்துக்கிருச்சு. ஓரத்துல இருந்த பொம்பளப் புள்ள பாதி உடம்பு வெளிய. பக்கத்துல இருந்த புள்ள அதோட பையைப் பிடிச்சு உள்ள இழுத்துருச்சு. டீச்சர் மெதுவா வந்தாங்களோ, பொழச்சுது."

அங்கே கிடந்த டிரெய்லர் அச்சின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஜாக்கி போட்டுப் பாத்தா சேஸிஸ்ல பட்டி வெச்சு அடைச்சிருக்கான் எவனோ. டீச்சர் சேலையோட தரையில ஒக்காந்து குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. இதை யாருங்க செஞ்சான்னு கேட்டேன். தெரிஞ்சவங்கதான்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. புள்ளைங்களைப் பஸ்ல ஏத்தி அனுப்பிட்டு வண்டியை விட்டுட்டுப் போனாங்க. வலது பக்கம் முடிச்சேன். எடது பக்கமும் இப்படித்தான் இருக்கு, இன்னும் மூணு நாள் விடுங்கன்னேன். வேண்டாம்னுட்டாங்க."

"ஏனாம்?"

"'அது செஞ்சவன் கையாலயே நடக்கட்டும் கருப்பையா. அவன் வந்து செய்வான்'னாங்க. அதுவரைக்கும் யாரையும் ஏத்த மாட்டேன், நான் மட்டும் மெதுவா ஓட்டிக்கிறேன்னாங்க." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க யாருங்க?"

"அவங்க தம்பிங்க. அதைச் செஞ்சவன் நாந்தான்."

கருப்பையா கையிலிருந்த அளவு டேப்பைச் சுருட்டினார். பிறகு, "டீ சாப்புடுறீங்களா?" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்கா, உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. சொல்லாமல் எப்படி இருப்பேன்? ஏன் நேராகக் கேட்கவில்லை நீ? என் சட்டையைப் பிடித்து, ஒரு பிள்ளை செத்திருக்கும்டா என்று ஏன் கத்தவில்லை? வகுப்பில் தப்புக் கணக்கை நீ திருத்திக் கொடுக்க மாட்டாய், போட்டவனே திருத்த வேண்டும் என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாயாம். ஒரு பிள்ளை இந்த மலரில் எழுதியிருக்கிறான். என்னிடமும் அதையே செய்தாயா? ஐந்து வருடம் ஒரு பக்கம் இற்றுப்போன வண்டியில் உன் உயிரை வைத்துக்கொண்டா எனக்காகக் காத்திருந்தாய்? நான் அவ்வளவுக்குத் தகுதி உள்ளவனா? நேராகக் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா என்றும் யோசித்துப் பார்க்கிறேன். சத்தியமாகத் தெரியவில்லை. இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டு, உன்னோடு பேச்சை நிறுத்தியிருப்பேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் நேராக உன் வீட்டுக்குப் போனேன். ஜெனி மலருக்காக உன் போட்டோக்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அம்மாவுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்த்தா."

"அதுக்கப்புறமும் உங்க வீட்டுக்கு வந்தாங்க, உங்க கையால டீ வாங்கிக் குடிச்சாங்க."

"ஆமா."

"பெரியவளை வயித்துல வெச்சுக்கிட்டு நான் அந்தப் பின்சீட்ல புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன் மாமா. மாசாமாசம் போயிருக்கேன்."

அவள் அழவில்லை. போட்டோக்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். "இப்ப நீங்க போங்க மாமா" என்றாள்.

மூன்று நாள் கூப்பிடவில்லை. நாலாவது நாள் அவளே வந்தாள், வாசலிலேயே நின்றாள். வாட்ஸ்அப் குழுவில் உண்மையை எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.

"போன்ல எழுத வேண்டாம். நாளைக்கு அழிச்சிரலாம். மலர்ல எழுதுங்க. அச்சுல இருக்கட்டும்" என்றாள். "அப்புறம் எடது பக்கத்தையும் முடிச்சுக் குடுங்க. அம்மா ஒங்களுக்குன்னுதான் விட்டுட்டுப் போயிருக்காங்க."

வண்டியை ஒரு லாரியில் ஏற்றிக் கீரமங்கலத்துக்குக் கொண்டுபோனோம். எனக்குச் சேஸிஸ் வேலை தெரியாது, சொல்லிக் கொடுங்கள் என்று கருப்பையாவிடம் கேட்டேன். அதை ஐம்பத்தெட்டு வயதில் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. செயின் போட்டு உடம்பைத் தூக்கினோம். கதவு வாசல் கோணிப்போகாமல் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்துக் கட்டினோம். என் தகடுகளை நானே உளியால் பெயர்த்தேன். உள்ளே இரும்பு என்று ஒன்றுமே இல்லை, செதில் செதிலாகக் கொட்டியது. ஒரு முறம் நிறைய அள்ளினேன்.

நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, பிளேட்டை அளந்து, முனையைச் சாய்த்து வெட்டிப் பொருத்தினோம். பற்றவைக்கிற நேரத்தில் நான் ஒதுங்கி நின்றேன்.

"டீச்சர் சொன்னதை நான் செஞ்சா எப்புடிங்க?" என்று வெல்டிங் ஹோல்டரை என் கையில் கொடுத்தார் கருப்பையா. "ஒரு வெரல் நீளம் வைங்க, விடுங்க, அந்தப் பக்கம் போங்க. ஒரே எடத்துல சூடேத்துனா சட்டம் இழுத்துக்கும்."

முதலில் வைத்ததைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எடுத்துருங்க" என்றார். தேய்த்து எடுத்தேன். இரண்டாவதையும் எடுக்கச் சொன்னார். மூன்றாவதைத் தட்டிப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த இடத்தைக் காட்டினார். நாலு நாள் ஆனது. தினமும் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தேன். என் வேலை அவர் வேலை அளவுக்கு அழகாக இல்லை அக்கா, பார்த்தாலே தெரியும். ஆனால் இறுகப் பிடித்து நிற்கிறது. பாரம் ஏற்றி, பள்ளத்திலும் மேட்டிலும் கருப்பையாவே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆவூருக்குப் போனோம். உன் வண்டியை நான் ஓட்டினேன். ஜெனி வந்தாள். முன்சீட்டில் உட்காருவாள் என்று நினைத்தேன். பின்கதவைத் திறந்து இடது பக்கமாக ஏறிக்கொண்டாள். வேகத்தடை வரும்போதெல்லாம் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். கதவையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் இருவரும் மாப்பிள்ளையோடு அவர் வண்டியில் வந்தார்கள்.

திரும்புகிற நேரத்தில் சின்னவள் ஓடி வந்து, "நான் ஆச்சி கார்ல வாரேன்" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜெனியைப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் மாமா" என்று அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் இப்போது நினைப்பெல்லாம். கதவுக்கு வெளியே பாதி உடம்போடு தொங்கிய பிள்ளை. தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன், ஏன் என்றும் சொன்னேன். அவர் பழைய கோப்பைத் தேடி, அந்தப் போட்டிக்குப் போன நாலு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் இப்போது திருச்சியில் காலேஜ் படிக்கிறாளாம். அப்பாவும் அம்மாவும் இலுப்பூருக்குப் பக்கத்திலேயே விவசாயம் பார்க்கிறார்கள். போட்டி நடந்த அன்றைக்குச் சாயங்காலமே நீ அவர்கள் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது, வண்டியைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாயாம். தலைமையாசிரியருக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

என் தப்பை உன் பெயரில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அதை மட்டும் அப்படியே விட மாட்டேன் அக்கா. இந்த மலர் அச்சாகி வருவதற்குள் அவர்கள் வீட்டுக்குப் போவேன். அந்தப் பெண் லீவுக்கு வருகிற நாளாகப் பார்த்துப் போவேன், அவளும் இருக்க வேண்டும். செலின் டீச்சர் உங்களிடம் சொன்னது உண்மையில்லை, அதைச் செய்தவன் நான் என்று என் வாயால் சொல்வேன். மற்ற மூன்று வீட்டுக்கும் போவேன். உட்காரச் சொன்னால் உட்காருவேன். வெளியே போ என்றால் போவேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த தம்பி
அந்தோணி